அது மாறுவேடப் போட்டி இல்லைங்க

என் வகுப்புப் பிள்ளைங்க பிரெஞ்சுப் புரட்சில வர்ற ஆளுங்களா மாறிப் பேசின அந்த வீடியோ பத்தி பேச வேண்டாம்னுதான் இருந்தேன். ஆனா "பாடம் நடத்த சோம்பல்பட்டு நாடகம் போடுறாங்க"ன்னு இன்னும் வந்து விழுந்துட்டே இருக்கு, எழுதுறவங்கள்ல பாதிப் பேரு டீச்சருங்க, அதான் வலிக்குது.

அது நாடகம் இல்ல. நாடகம்னா வசனம் இருக்கும். நான் குடுத்தது ஆளுக்கொரு துண்டுச் சீட்டு. நீ யாரு, உனக்கு என்ன வேணும், எதை விட்டுத்தர மாட்ட. மிச்சத்த அவங்களே பேசி ஜெயிக்கணும்.

பிரெஞ்சுப் புரட்சிய வருஷா வருஷம் போர்டுல எழுதிப் போட்டிருக்கேன், ஒரு கேள்வி வந்ததில்ல. இந்தத் தடவ அஞ்சாறு பேர் பாதிரியார், அஞ்சாறு பேர் பிரபு, மீதி வகுப்பு முழுக்க மூன்றாம் எஸ்டேட், அதாவது சாதாரண ஜனங்க. எஸ்டேட்னா அப்போ பிரான்ஸ்ல ஜனங்கள மூணாப் பிரிச்சு வச்சிருந்த அடுக்கு. யாரு வரி கட்டணும்னு ஓட்டு வச்சேன், தலைக்கு ஒண்ணு இல்ல, எஸ்டேட்டுக்கு ஒண்ணு. ரெண்டுக்கு ஒண்ணுன்னு மூன்றாம் எஸ்டேட் தோத்துச்சு. "டீச்சர் இது போங்கு"ன்னு கடைசி பெஞ்சுப் பையன் எழுந்து கத்தினான். 1789ல ராஜாவோட அரண்மனை இருந்த வெர்சாய்ல நடந்த சண்டையே அதுதானே! மூன்றாம் எஸ்டேட்காரங்க தலைக்கு ஒரு ஓட்டு கேட்டாங்க, கிடைக்கல, ஜூன் 17ல நாங்கதான் தேசிய சபைன்னுட்டாங்க, மூணு நாள் கழிச்சு மண்டபத்தப் பூட்டினதும் டென்னிஸ் கோர்ட்ல போய் கலைய மாட்டோம்னு சத்தியம் பண்ணாங்க. இத அந்தப் பையனுக்கு இனி யாரும் மனப்பாடம் பண்ண வைக்க வேண்டாம்.

போர்ஷன் முடியுமான்னு கேக்கறீங்க. முடிச்சாச்சு.

ரத்தக்களறிய விளையாட்டாக்கறீங்கன்னு சொல்றது நியாயமான பயம், எனக்கும் இருந்துச்சு. அதனாலதான் தலைய வெட்டுற கில்லட்டின் வைக்கல, ராஜா பதினாறாம் லூயி மேல நடந்த விசாரணை மட்டும். 1793 ஜனவரில சபை உறுப்பினர் ஒவ்வொருத்தரும் மேடையேறி வாய்விட்டுச் சொல்லித்தான் தண்டனைய முடிவு பண்ணாங்க, எங்க வகுப்புலயும் அப்படியே. ஒரு பொண்ணுக்கு ஓர்லியான்ஸ் பிரபு சீட்டு, ராஜாவுக்குப் பங்காளி முறை. மேடைல நின்னு ரொம்ப நேரம் பேசவே இல்ல, அப்புறம் "சாவுக்கு நான் ஓட்டு போடமாட்டேன்"னு சொல்லி அழுதுட்டா. நிஜத்துல அவரு மரணம்னுதான் சொன்னாரு, அதே வருஷம் நவம்பர்ல அவரையும் வெட்டினாங்கன்னு அப்புறம் சொன்னேன். வகுப்பே அடங்கிப் போச்சு.

வரலாற்ற மாத்துறேனாம்! உண்மைல நடந்தத மறைச்சேனா? வேற மாதிரியும் முடிவெடுத்திருக்கலாம்னு புரியறதுதானே வரலாறு படிக்கறது? நோட்ஸ் டிக்டேட் பண்ணின வருஷமெல்லாம் நல்ல டீச்சர்னீங்க. பிள்ளைங்க வாய் திறந்ததும் ஒழுங்கு கெட்டுப்போச்சா?

என்னைய என்ன வேணா சொல்லுங்க. அவ அழுதத "ஓவர் ஆக்டிங்"னு சிரிச்சு ஷேர் பண்ணீங்களே, அவகிட்ட நீங்க மன்னிப்பு கேக்கணும்.