அந்தக் கோட்டின் நிறம் சிவப்பு

மூன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகளுக்குக் காட்டுவதற்காகச் சென்ற வாரம் யூடியூபில் ஒரு பழைய சிறார் படத்தைத் தேடி எடுத்தேன். அதில் வரும் சிறுவன் அணிந்திருக்கும் கோட்டின் நிறம் சிவப்பு என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. முப்பது ஆண்டுகளாக அதைச் சாம்பல் நிறம் என்றே நினைத்திருந்தேன்.

படத்தின் பெயர் 'கராமாத்தி கோட்'. 1993-இல் அஜய் கார்த்திக் இயக்கியது. அரசுப் பணத்தில் எடுக்கப்பட்டு, தூர்தர்ஷனில் வந்த படம். ஓர் ஏழைச் சிறுவனுக்கு ஒரு கோட்டு கிடைக்கிறது. அதன் பைக்குள் கைவிடும்போதெல்லாம் ஒரு ரூபாய் நாணயம் ஒன்று வருகிறது. நிலக்கோட்டைக்குப் பக்கத்தில் எங்கள் தெருவில் அன்று இருந்தது ஒரே தொலைக்காட்சிப் பெட்டி. மரக்கதவு வைத்த கறுப்பு வெள்ளைப் பெட்டி. கோடை விடுமுறையின் காலை நேரத்தில் அந்த வீட்டுப் பெரியம்மா கதவைத் திறந்துவிடுவார். மாடியில் ஒருவன் ஏறி ஆன்டெனாவைக் கொடைக்கானல் மலைப் பக்கம் திருப்புவான். கீழேயிருந்து நாங்கள் "போதும், போதும்" என்று கத்துவோம். படம் இந்தியில் ஓடியது. எங்களில் ஒருவருக்கும் ஒரு சொல்கூடப் புரியவில்லை. ஆனாலும் அந்தச் சிறுவன் பைக்குள் கைவிடும் ஒவ்வொரு முறையும் தரையில் உட்கார்ந்திருந்த நாங்கள் பதினைந்து பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். அன்று மாலை தெருவில் எல்லோரும் சட்டைப் பைக்குள் கைவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது இன்றும் கண்ணில் நிற்கிறது.

இந்த நினைவை எங்கள் குடும்பக் குழுவில் பகிர்ந்தேன். கணக்குத் தணிக்கை வேலையில் இருக்கும் என் மைத்துனர் உடனே ஒரு கேள்வி கேட்டார். அங்கன்வாடிக்கு ஒழுகாத கூரை போட முடியாத நாட்டில் அரசு எதற்குப் படம் எடுக்க வேண்டும், அரசின் கஜானா என்ன உங்கள் படத்தில் வரும் கோட்டுப் பையா என்று கேட்டார். அவர் விளையாட்டுக்குச் சொல்பவர் அல்லர். மக்களின் வரிப்பணம் வீணாவதை நாள்தோறும் ஏடுகளில் பார்ப்பவர். அவருக்கு உரிய பதிலை யோசித்த பிறகுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் என் பக்கத்துக் குறையைச் சொல்லிவிடுகிறேன். தூர்தர்ஷன் காலத்தைப் பற்றி இங்கே வரும் பதிவுகளில் பெரும்பாலானவை, அன்று வந்ததெல்லாம் பொன் என்பதைப் போல எழுதப்படுகின்றன. அது உண்மையன்று. பல படங்கள் உபதேசமாகவே இருந்தன. நல்ல பையன் முடிவில் பரிசு வாங்குவான், கெட்ட பையன் திருந்துவான். பாதியிலேயே எழுந்து விளையாடப் போன படங்கள் எனக்கே எத்தனையோ உண்டு. "எங்கள் காலம் போல வருமா" என்ற ஏக்கத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அரசிடம் பணம் கேட்க முடியாது, கேட்கவும் கூடாது.

ஆனால் அந்தப் பணம் ஏன் ஒதுக்கப்பட்டது என்பதைப் பார்க்க வேண்டும். அந்தக் கோட்டுப் படத்தைத் தயாரித்த அரசு அமைப்பான இந்தியக் குழந்தைகள் திரைப்படச் சங்கம் நேருவின் ஆர்வத்தால் 1955-இல் தொடங்கப்பட்டது. அதன் முதல் படமான 'ஜல்தீப்' கேதார் சர்மாவின் இயக்கத்தில் அடுத்த ஆண்டே வந்து, வெனிஸ் விழாவில் பரிசும் பெற்றது. பிற்காலத்தில் ஷியாம் பெனகல், சாய் பராஞ்பே, சந்தோஷ் சிவன் போன்றவர்கள் அந்தச் சங்கத்துக்காகப் படம் எடுத்தார்கள். சந்தையில் குழந்தைக்குத் தனி இடம் இல்லை என்பதுதான் இந்த ஏற்பாட்டுக்கு அடிப்படை. குழந்தையின் கையில் காசு இல்லை. அதைத் திரையரங்குக்கு அழைத்துப் போக வேண்டியவர் பெரியவர், நுழைவுச்சீட்டு வாங்குபவரும் அவரே. எனவே குழந்தைக்கென்று படம் எடுக்கும் தயாரிப்பாளர்கூட முதலில் அந்தப் பெரியவரைத் திருப்திப்படுத்தியாக வேண்டும். தொலைக்காட்சியில் கட்டணமின்றி வரும் படத்துக்கு அந்தத் தடை இல்லை. பெரியம்மா அடுப்படியில் இருந்தார். நாங்கள் பதினைந்து பேர் மட்டுமே பார்த்தோம். அந்தப் படம் எங்களிடம் மட்டுமே பேசியது.

தனியார் நல்ல சிறார் படம் எடுப்பதில்லை என்று நான் சொல்லவில்லை. தனியார் பணத்தில் எடுக்கப்பட்ட 'காக்கா முட்டை'தான் சிறந்த சிறார் படத்துக்கான தேசிய விருதை வென்றது. அதில் நடித்த இரண்டு சிறுவர்களும் விருது பெற்றார்கள். ஆனால் அப்படியொரு படம் நமக்கு எத்தனை ஆண்டுகளுக்கு ஒரு முறை கிடைக்கிறது? வாரந்தோறும் ஒரு கதை கேட்கும் வயதில் இருக்கும் பிள்ளைக்கு அது போதாது.

செலவுக்கு எதிராகப் பேசுபவர்கள் உண்மையான விரயத்தைத் தொடவே இல்லை என்பதுதான் என் வருத்தம். ஏறத்தாழ 250 படங்கள், 10 மொழிகள் என்பது அந்தச் சங்கம் சொல்லி வந்த கணக்கு. அவற்றில் எத்தனையை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள்? பட்டம் விடும் சிறுவனைப் பற்றிய 'கட்டு' என்ற படம் 2012-இல் வெளியானபோது, அந்தச் சங்கத்தின் தயாரிப்பு ஒன்று வணிக முறையில் திரையரங்குக்கு வருவது அதுவே முதல்முறை என்று செய்திகள் வந்தன. சங்கம் தொடங்கி 57 ஆண்டுகள் கழித்து! படம் எடுக்கப் பணம் இருந்தது, விழாக்களுக்கு அனுப்பப் பணம் இருந்தது, ஆனால் நிலக்கோட்டையில் இருக்கும் பிள்ளையின் கண்ணுக்கு அதைக் கொண்டு சேர்ப்பதற்கு யாரும் பொறுப்பேற்கவில்லை. கிணறு வெட்டிவிட்டு வாளியும் கயிறும் வாங்காமல் விட்டதைப் போன்ற கதை இது. கிணறு வெட்டியதை என் மைத்துனர் விரயம் என்கிறார். கயிறு வாங்காததையே நான் விரயம் என்கிறேன்.

இந்தக் கயிற்றில் பெரும்பகுதி மொழி. 'மால்குடி டேஸ்' தொடரை நினைத்துப் பாருங்கள். எழுதிய ஆர். கே. நாராயண் சென்னைப் புரசைவாக்கத்தில் பிறந்தவர். எல். வைத்தியநாதனின் அந்த இசையை இன்றும் நாம் முணுமுணுக்கிறோம். 1986-இல் சங்கர் நாக் அதைக் கர்நாடகத்தின் ஆகும்பேயில் படமாக்கினார். அதில் வரும் சிறுவன் சுவாமியும் அவன் நண்பர்களும் நம் பக்கத்துத் தெருப் பிள்ளைகளைப் போலவே இருந்தார்கள். ஆனாலும் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் அந்தக் கதையை இந்தியில்தான் பார்க்க நேர்ந்தது. மறுபுறம், 2007-இல் தொடங்கிய சுட்டி டிவியைப் பாருங்கள். டோராவும் ஜாக்கி சானும் நல்ல தமிழில் பேசினார்கள், அடுத்த தலைமுறை முழுவதும் அவர்களோடு வளர்ந்தது. எங்கோ அமெரிக்காவில் உருவான பொம்மைப் படத்துக்குத் தமிழ்க் குரல் கொடுக்கத் தனியாருக்குத் தெரிந்திருக்கிறது. நம் வரிப்பணத்தில் எடுத்த படங்களைத் தமிழில் பேசவைத்து நம் பிள்ளைகளிடம் சேர்க்க அரசால் இயலவில்லை. ஒரு படத்துக்கு டப்பிங் செய்ய ஆகும் செலவு, அந்தப் படத்தை எடுத்த செலவில் மிகச் சிறிய பங்குதான் என்பது அந்தத் தொழிலில் இருக்கும் எவருக்கும் தெரியும்.

தகவல் ஒலிபரப்புத் துறையின் முன்னாள் செயலர் பிமல் ஜுல்கா தலைமையிலான குழுவின் பரிந்துரைக்குப் பிறகு, அந்தச் சங்கத்தையும் ஆவணப்படங்கள் எடுத்துவந்த பிலிம்ஸ் டிவிஷன் உள்ளிட்ட மற்ற அரசுத் திரைப்பட அமைப்புகளையும் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்க 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது. 2022-இல் இணைப்பு முடிந்தது. ஒரே வேலையைப் பல அலுவலகங்கள் செய்வதைத் தவிர்க்கலாம் என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. அதை எதிர்த்து நான் கொடி பிடிக்கவில்லை. ஆனால் குழந்தைகளுக்கென்று தனிப் பெயர்ப்பலகையோடு இருந்த ஒரே இடம் பெரிய கட்டடத்தின் ஓர் அறையாகச் சுருங்கும்போது, பணம் பங்கு போடும் நாளில் அந்த அறைக்காக யார் பேசுவார்கள் என்ற கவலை எனக்கு உண்டு. குழந்தைகளுக்கு வாக்கும் இல்லை, சங்கமும் இல்லை.

பணம் இல்லை என்ற பதிலை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. தூர்தர்ஷனையும் வானொலியையும் மேம்படுத்த 2023 ஜனவரியில் மத்திய அரசு ஒப்புதல் அளித்த தொகை 2,539.61 கோடி ரூபாய். பழைய படங்களைச் செப்பனிட 363 கோடி ரூபாய் என்று 2022-இல் அறிவித்தார்கள். அதே ஆண்டு நிதிநிலை அறிக்கையில், பாடம் நடத்தும் தொலைக்காட்சி அலைவரிசைகளை 12-இலிருந்து 200 ஆக உயர்த்துவதாகச் சொன்னார்கள். பாடத்துக்கு 200 அலைவரிசைகள் என்றால், கதைக்கு வாரம் இரண்டு மணி நேரம் ஒதுக்குவது ஊதாரித்தனமா? குழந்தைகளின் நலனுக்காகத் தனி முயற்சி எடுக்க வேண்டும் என்று, தூர்தர்ஷனையும் வானொலியையும் நடத்தும் பிரசார் பாரதி அமைப்புக்கான 1990-ஆம் ஆண்டின் சட்டமே சொல்கிறது. நான் புதிதாக எதையும் கேட்கவில்லை.

நம் மாநிலத்தில் 2022 முதல் அரசுப் பள்ளிகளில் சிறார் திரைப்படங்களைத் திரையிட்டு, பார்த்த பிறகு பிள்ளைகளைப் பேசவும் எழுதவும் வைக்கிறார்கள். இதை மனதாரப் பாராட்டுகிறேன். எடுத்த படத்தைப் பிள்ளையின் முன்னால் கொண்டுபோய் வைப்பதுதான் இவ்வளவு காலம் விட்டுப்போன வேலை. அந்தத் திரையிடலுக்கு, நம் பணத்தில் எடுக்கப்பட்டு உறங்கிக்கொண்டிருக்கும் படங்களில் நல்லவற்றைப் பொறுக்கி, ஆண்டுக்குப் பத்துப் படங்களைத் தமிழில் பேசவைத்துக் கொடுக்கலாம். அதே படங்களை டிடி தமிழில் ஞாயிற்றுக்கிழமை காலையில் விளம்பரம் இல்லாமல் போடலாம். 2024 நவம்பரில் பிரசார் பாரதி தொடங்கிய வேவ்ஸ் என்ற இணையக் காணொலித் தளத்திலும் அவற்றை வைக்கலாம். உபதேசம் செய்யும் படங்களை விட்டுவிடுங்கள், பெட்டியிலேயே இருக்கட்டும்.

என் மைத்துனருக்கு இதையெல்லாம் சொன்னபோது, புதிய படம் எடுக்காமல் இருக்கும் படத்தைக் காட்டச் சொல்வதென்றால் கணக்கில் தனக்கு ஆட்சேபம் இல்லை என்றார். புதிய படமும் வேண்டும் என்பது என் கட்சி. அதைப் பொங்கலுக்கு அவர் வரும்போது பேசிக்கொள்கிறோம்.

என் மகள் அந்தப் படத்தை முழுவதும் பார்த்தாள். ஆனால் ஐந்தாவது நிமிடத்திலேயே, "அப்பா, அவன் என்ன சொல்றான்?" என்று கேட்டுவிட்டாள். வேலைக்குப் போன ஊர்களில் கற்றுக்கொண்ட இந்தியை வைத்துக்கொண்டு முடிவு வரை ஒவ்வொரு வரியையும் தமிழில் சொன்னேன். கடைசியில் தொண்டை கட்டிப்போனது. மறுநாள் பள்ளியில் போய்ச் சொல்லியிருக்கிறாள். இந்த ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அவள் தோழிகள் நான்கு பேர் படம் பார்க்க வீட்டுக்கு வருகிறார்களாம். "எங்க அப்பாவே தமிழ்ல சொல்லுவாரு" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள்.