டோலி இறந்தது மூப்பினால் அல்ல

குளோனிங்கில் (ஒரு விலங்கின் செல்லிலிருந்து அதன் மரபணு நகலை உருவாக்கும் முறை) பிறக்கும் விலங்கு சீக்கிரம் மூப்படையும், வளர்ந்த ஆட்டின் செல்லிலிருந்து குளோன் செய்யப்பட்ட செம்மறி டோலி 6 வயதில் இறந்ததே சாட்சி என்று மேலே ஒருவர் சொல்லியிருக்கிறார். மன்னிக்கவும், அது சரியல்ல. செம்மறிகளுக்கு ரெட்ரோவைரஸ் என்ற வகை வைரஸ் ஒன்றால் வரும் நுரையீரல் கட்டி முற்றியதால்தான் 2003 பிப்ரவரி 14 அன்று டோலியைக் கருணைக்கொலை செய்தார்கள். கொட்டிலில் அடைத்து வளர்க்கும் சாதாரண ஆடுகளையும் அந்தத் தொற்று பிடிக்கும். டோலியின் டெலோமியர்கள் (குரோமோசோம்களின் முனைகள்; வயதாக ஆகக் குறுகுபவை) குட்டையாக இருந்தது உண்மைதான். சீக்கிரம் மூப்படைகிறதோ என்ற சந்தேகம் அங்கிருந்தே கிளம்பியது. ஆனால் டோலி உருவான அதே செல் வரிசையில் (ஒரே ஆட்டிலிருந்து எடுத்து வளர்த்த செல்கள்) பிறந்த 4 ஆடுகள் உட்பட 13 குளோன் ஆடுகளை, 7 முதல் 9 வயதில் நாட்டிங்காம் பல்கலைக்கழகக் குழு சோதித்தது. ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் இயல்பு. சிலவற்றுக்கு லேசான மூட்டுத் தேய்மானம், ஒன்றுக்கு மட்டும் மிதமான அளவில். 2016 ஜூலையில் 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' இதழில் வந்த அந்தக் கட்டுரையை, அதை எழுதியவர்களில் ஒருவரான கெவின் சின்க்ளேர் பெயரில் தேடினால் இலவசமாகவே படிக்கலாம்.