இஷ்ஷா, ஈஷிலிருந்து பிறந்த சொல் அல்ல

‘எபிரேயத்தில் ஆணைக் குறிக்கும் ஈஷ் என்ற சொல்லோடு பெண்பால் விகுதி சேர்ந்துதான் பெண்ணைக் குறிக்கும் இஷ்ஷா வந்தது, மொழியே பெண்ணை ஆணுக்குக் கீழே வைக்கிறது’ என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். அது சரியல்ல.

விவிலியத்தின் முதல் நூலான ஆதியாகமம், 2:23-இல் இரண்டையும் இணைத்துப் பேசுவது உண்மை. தமிழ் விவிலியமும் மனுஷன், மனுஷி என்று அழகாகவே அதைப் பிடித்திருக்கிறது. ஆனால் அது ஒலி ஒற்றுமையை வைத்து ஆடிய சொல்விளையாட்டு. ஆதாம், அதாமா (மண்) என்று அதே அதிகாரத்தில் இன்னொன்றும் உண்டு.

இஷ்ஷாவில் ‘ஷ்’ ஏன் இரட்டிக்கிறது என்று பாருங்கள். முன்பு அங்கே ஒரு ‘ந்’ இருந்து, அடுத்த மெய்யோடு கலந்துவிட்டது. உறவு மொழியான அரபியில் அந்த ‘ந்’ இன்றும் இருக்கிறது: பெண்பாலைக் குறிக்கும் உன்ஸா. பழைய மெசபொத்தேமியாவின் உறவு மொழியான அக்காதியத்தில் மனைவிக்கு அஷ்ஷத்து, அங்கும் இரட்டிப்புதான். ஈஷ் என்ற சொல்லிலோ இரட்டிப்பும் இல்லை, ‘ந்’ இருந்த தடயமும் இல்லை. அதன் மூலம் பற்றி அறிஞர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை.

பன்மையைப் பார்த்தால் இன்னும் சுவாரசியம். ஆண்கள் என்பதற்கு அநாஷீம். அது மனிதன் என்று பொருள்படும் எநோஷ் பக்கத்துச் சொல். பெண்கள் என்பதற்கு நாஷீம். அதன் அரபி உறவு நிஸா, உன்ஸா அல்ல. ஆக, ஒருமை ஒரு வேரிலும் பன்மை வேறொரு வேரிலும் நிற்கின்றன.

பழைய சமூகத்தில் பெண்ணின் நிலை பற்றிப் பேச வேண்டியது நிறைய இருக்கிறது. அதற்கு இந்தச் சொற்பிறப்பைச் சான்றாகக் காட்டாதீர்கள்.