வாயை மூடிக்கொண்டு வரவே முடியாதா?

முதுமலைக்கு இது நான்காவது முறை. ஒரு தடவையாவது காட்டின் சத்தத்தைக் கேட்டிருக்கிறேனா? இல்லை. தெப்பக்காட்டில் சஃபாரி வேன் கிளம்பியதுமே சிப்ஸ் பாக்கெட் பிரிகிறது, போனில் குத்துப்பாட்டு அலறுகிறது.

சாலையோரம் குட்டியோடு ஒரு யானை. தாயின் முன்னங்கால்களுக்கு நடுவே ஒதுங்கி, தும்பிக்கையை வாய்க்குள் விட்டபடி நின்றது குட்டி. அவ்வளவு அழகு! உடனே பின்சீட்டிலிருந்து விசில். இன்னொருவர் ஜன்னலைத் தட்டி, "ஏய், இங்க பாரு!" தாய் காதுகளை விரித்தது. கிட்டே வராதே என்று எச்சரிக்கிறது, அதுகூடவா புரியாது? அடுத்த நொடி இரண்டும் உண்ணிச்செடிப் புதருக்குள் போய்விட்டன.

அப்புறம் வழியெல்லாம், "ஒண்ணுமே பார்க்கல, காசு தண்டம்!" இப்படிக் கத்தினால் எப்படிக் கண்ணில் படும்? 1940 முதல் சரணாலயமாக இருக்கிற காடு. விலங்குகளின் வீடு. கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் உயிரா போய்விடும்?