தரங்கம்பாடி ரயிலும் ஒரு நஷ்டக் கணக்கும்

மயிலாடுதுறை–தரங்கம்பாடி ரயில் பாதை என்று பேச்செடுத்தாலே, "நஷ்டத்துல ஓடுச்சு, நிறுத்திட்டாங்க" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அந்தக் கணக்கின் மேல்தான் சந்தேகம்.

1926-இல் வந்த மீட்டர்கேஜ் பாதை. மன்னம்பந்தல், செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையார் என்று சுமார் 30 கிலோமீட்டர். 1986-இல் நிறுத்தினார்கள். அறுபதாம் கல்யாணத்துக்குப் பேர்போன திருக்கடையூர் வழியாக ஓடிய ரயிலுக்கு அறுபதிலேயே ஆயுசு முடிந்தது!

சொல்லப்போனால் ரயில் வந்ததே தாமதம். 1620-இல் டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டிக் கப்பல் வியாபாரம் பார்த்த ஊர் இது. 1845-இல் ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். 1860-களின் தொடக்கத்தில் நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்தது, சரக்கும் அந்தப் பக்கம் போனது. துறைமுகம் ஓய்ந்த பிறகுதான் தரங்கம்பாடிக்குத் தண்டவாளம் போட்டார்கள்.

சரி, நஷ்டத்துக்கு வருவோம். பொறையாரில் ஏறுகிறவர் எல்லோரும் மாயவரத்தோடு இறங்கிவிடுவார்களா? பாதிப் பேர் அங்கே வண்டி மாறிச் சென்னைக்கோ திருச்சிக்கோ போகிறவர்கள். அந்த டிக்கெட் காசைத் தூரத்தை வைத்துப் பிரித்தால் கிளைப் பாதைக்குச் சில்லறைதான் மிஞ்சும். கிளையை வெட்டினால் மெயின் லைனுக்கு வருகிற ஆளும் குறையும் என்பதை அந்தக் கணக்கில் எந்தப் பத்தியில் எழுதுவது?

விடியற்காலையில் மயிலாடுதுறை ஜங்ஷனில் நின்று பாருங்கள். பட்டுப்புடவையில் ஒரு பாட்டி, மாலைக்கூடை, தூக்கம் கலையாத பேரப்பிள்ளைகள், நாலு பெட்டி. திருக்கடையூர் போக வேன் பேரம் நடந்துகொண்டிருக்கும். இந்தக் கூட்டத்துக்கு ஒரு பாசஞ்சர் வண்டி போதாதா?

பேரளம்–காரைக்கால் பாதையும் 1980-களில் மூடப்பட்டதுதான். இப்போது அகலப் பாதையாகத் திரும்பப் போட்டுவிட்டார்கள். அங்கே துறைமுகமும் நிலக்கரியும் இருக்கின்றன, வழியில் திருநள்ளாறும் இருக்கிறது. (சனீஸ்வரனுக்கு இருக்கிற செல்வாக்கு அபிராமிக்கு இல்லை போல.)

தரங்கம்பாடியோடு முட்டி நிற்கும் பாதையாகவே பார்த்தால் இன்றைக்கும் கணக்கு இடிக்கத்தான் செய்யும். அதனால்தான் காரைக்கால் வரை நீட்டுங்கள் என்று ஊர்க்காரர்கள் கேட்கிறார்கள். நியாயமான கோரிக்கை. மயிலாடுதுறை 2020-இல் தனி மாவட்டமாகவே ஆகிவிட்டது. இனி யாராவது சர்வே எடுக்க வந்தால், பொறையார்க்காரரின் சென்னை டிக்கெட்டை முழுசாகச் சேர்த்து எண்ணட்டும்.