பக்கத்துல யாராவது இருக்காங்களா?

ரிட்டயர் ஆகி எட்டு மாசம் ஆச்சு, இப்போதான் இதை எழுத மனசு வருது. கலிஃபோர்னியால மாநில அரசுக்கு அட்மினிஸ்ட்ரேட்டிவ் லா ஜட்ஜா 19 வருஷம் வேலை பார்த்தேன். ஊருக்கு வர்றப்பல்லாம் சித்தப்பா கேட்பார், "ஜட்ஜுங்கிறியேம்மா, உன் கோர்ட் எங்க இருக்கு, ஒரு போட்டோ கூட காட்ட மாட்டேங்கிறியே"ன்னு. கோர்ட் இல்ல சித்தப்பா, ஒரு சின்ன ரூம், ஒரு மேஜை, ஒரு ரெக்கார்டிங் மெஷின், அவ்வளவுதான்னு சொன்னா அவருக்கு நம்பிக்கையே வராது.

நம்ம ஊர்ல பட்டா தகராறுன்னா ஆர்.டி.ஓ. ரெண்டு தரப்பையும் கூப்பிட்டு விசாரிச்சு உத்தரவு போடுவார்ல, அவர் நீதித்துறை ஆள் கிடையாது, அரசாங்க அதிகாரிதான், ஆனா அந்த நேரத்துல அவர் செய்யறது ஜட்ஜ் வேலை. அதை மட்டுமே முழுநேரமா செய்யறதுக்கு சட்டம் படிச்ச ஒருத்தரை உட்கார வச்சா எப்படியோ அப்படித்தான் எங்க வேலை. டாக்டர் லைசென்ஸ், ஸ்பெஷல் எஜுகேஷன், அரசு உதவித்தொகைன்னு பல பிரிவுல இப்படி ஜட்ஜுங்க இருக்காங்க. நான் பார்த்தது வேலையில்லாக் காப்பீடு, அதாவது அன்எம்ப்ளாய்மெண்ட் அப்பீல். (கேஸ் விவரங்களை ஆள் அடையாளம் தெரியாத அளவுக்கு மாத்தித்தான் எழுதறேன்.)

வேலை போனவங்க கிளெய்ம் போடுவாங்க, டிபார்ட்மெண்ட்ல ஒருத்தர் விசாரிச்சு தரலாம் இல்ல தரக்கூடாதுன்னு லெட்டர் அனுப்புவார். பிடிக்கலன்னா தொழிலாளியோ முதலாளியோ 30 நாளுக்குள்ள அப்பீல் பண்ணலாம், அது எங்ககிட்ட வரும். சத்தியம் வாங்கிட்டு, ரெக்கார்டரை ஆன் பண்ணிட்டு, ரெண்டு பக்கமும் கேட்டு, அப்புறம் எழுத்துல தீர்ப்பு. பெரும்பாலான கேஸ்ல வக்கீலே இருக்க மாட்டாங்க. வாரத்துக்கு அதிகபட்சம் 450 டாலர், 2005-ல வச்ச அதே உச்சவரம்பு, சாதாரணமா அதிகபட்சம் 26 வாரம். இந்தத் தொகைக்கு ஜட்ஜ் எதுக்குன்னு கேட்டவங்க உண்டு. பழம் பேக் பண்ற ஷெட்ல நாள் முழுக்க நின்னு வேலை பார்த்த பொம்பளைக்கு அதுதான் அந்த மாச வாடகைங்க.

இன்னொண்ணு, நம்ம ஆளுங்களுக்காகவே சொல்றேன். பே ஏரியால, அதாவது சான் ஃபிரான்சிஸ்கோ சுத்துவட்டாரத்துல, லேஆஃப் ஆன எத்தனையோ தமிழ்க் குடும்பம், கிரீன் கார்டு சிட்டிசன்ஷிப் எல்லாம் இருந்தும், "அது கவர்மெண்ட் பிச்சை, நமக்கு வேண்டாம்"னு கிளெய்மே போடாம சேமிப்பைக் கரைச்சதை நான் பார்த்திருக்கேன். அது பிச்சை இல்லைங்க, இன்ஷூரன்ஸ். உங்க ஒவ்வொருத்தர் சம்பளத்துலயும் வருஷத்துக்கு முதல் 7,000 டாலருக்கு உங்க கம்பெனி இதுக்குன்னு வரி கட்டியிருக்கு. வேலையை விட்டுப் போனவங்க நிறைய பேர் வாங்கினா கம்பெனியோட வரி விகிதம் ஏறும், அதனாலதான் சில கம்பெனிங்க ஒவ்வொரு கிளெய்மையும் எதிர்த்து நிக்கும். விசா விஷயம் தனி, அதுக்குள்ள இங்க போகல.

சட்டத்துல 1256-னு ஒரு செக்‌ஷன், நான் 19 வருஷம் குடித்தனம் பண்ணது அதோடதான். வேலையை விட்டு அனுப்பிட்டாங்களா, அப்போ மிஸ்காண்டக்ட் இருந்துச்சான்னு முதலாளி காட்டணும். தானா விட்டுட்டு வந்தாங்களா, அப்போ நியாயமான காரணம் இருந்துச்சான்னு தொழிலாளி காட்டணும். மிஸ்காண்டக்ட்னா சும்மா தப்பு பண்றது இல்ல. மேவுட் கிளாஸ்னு ஒரு கண்ணாடிக் கம்பெனி கேஸ், 1959-ல கலிஃபோர்னியா அப்பீல் கோர்ட் தெளிவா சொல்லிடுச்சு, திறமை போதாதது, சாதாரண கவனக்குறைவு, நல்ல எண்ணத்துல எடுத்து தப்பாப்போன முடிவு, இதெல்லாம் மிஸ்காண்டக்ட் ஆகாதுன்னு. முதலாளிங்களுக்கு இது புரிய வைக்கறது கஷ்டம். "அவனுக்கு வேலையே தெரியாதுங்க"ன்னு கோபமா வருவாங்க. நீங்க அவரை அனுப்பினது சரியா தப்பாங்கிறது என் முன்னாடி இருக்கிற கேள்வியே இல்லன்னு பொறுமையா சொல்லணும்.

இப்போ நான் உண்மையில சொல்ல வந்ததுக்கு வர்றேன்.

வேலைக்குச் சேர்ந்து ரெண்டாவது வருஷம். சென்ட்ரல் வேலில, அதாவது கலிஃபோர்னியா நடுவுல இருக்கிற விவசாயப் பகுதில, ஒரு சின்ன டவுன்லேர்ந்து ஒரு அம்மா வந்திருந்தாங்க, ஸ்பானிஷ் பேசறவங்க, இன்டர்பிரட்டர் இருந்தார். பேக்கிங் ஷெட்ல நாலு வருஷம் வேலை. திடீர்னு ஒருநாள் போன் பண்ணி இனிமே வரலன்னு சொல்லியிருக்காங்க. கம்பெனி பக்கம் யாரும் வரல. நான் கேட்டேன், நீங்களாத்தான் விட்டீங்களா? ஆமா. ஏன்? வீட்டுல பிரச்சனை. லீவு கேட்டீங்களா? இல்ல. வேற ஏதாவது சொல்லணுமா? இல்ல. மொத்தம் பதினெட்டு நிமிஷம். அன்னைக்கு எனக்கு இன்னும் நாலு ஹியரிங் பாக்கி. தீர்ப்பு எழுதினேன், தானா விலகினார், நியாயமான காரணம் நிரூபிக்கப்படல, உதவித்தொகை கிடையாது. சட்டப்படி பார்த்தா ஒரு வரி கூட தப்பில்லன்னு அப்போ நினைச்சேன்.

ரெண்டு மாசம் கழிச்சு எங்க தீர்ப்பு மேல வர்ற அப்பீலைப் பார்க்கிற போர்டு அதை ரத்து பண்ணி, திரும்ப விசாரிக்கச் சொல்லி அனுப்பிச்சு, வேற ஜட்ஜுக்கு. அந்த அம்மா போர்டுக்கு ஒரு லெட்டர் எழுதியிருந்தாங்க, யாரோ பொண்ணு கையெழுத்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளை எழுதின மாதிரி. புருஷன் அடிச்சு, ஷெட் வாசல்லயே வந்து நின்னு, பிள்ளைங்களைக் கூட்டிட்டு ராத்திரியோட ராத்திரியா அக்கா வீட்டுக்கு ஓடிப்போயிருக்காங்க, அது மூணு மணி நேரப் பயணம். அந்த 1256-லயே இருக்கு, குடும்ப வன்முறையிலேர்ந்து தன்னையோ குடும்பத்தையோ காப்பாத்திக்க வேலையை விட்டா அது நியாயமான காரணமா எடுத்துக்கலாம்னு. நான் அதை மனப்பாடமா சொல்லுவேன். "வீட்டுல பிரச்சனை"ன்னு அவங்க சொன்னப்போ "என்ன பிரச்சனை"ன்னு கேட்கல. ஒரே ஒரு கேள்வி. ரெக்கார்டிங்கைத் திரும்பப் போட்டுக் கேட்டேன், அந்த வார்த்தைக்கு அப்புறம் அவங்க நாலஞ்சு செகண்ட் நிறுத்துறாங்க, நான் கேட்பேன்னு காத்திருந்த மாதிரி, நான் லீவு கேட்டீங்களான்னு போயிட்டேன்.

அந்த நாலஞ்சு செகண்ட் இன்னும் என் காதுல இருக்கு.

1970-ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட்ல கோல்ட்பெர்க் கேஸ்னு ஒண்ணு, நியூயார்க்ல அரசு உதவித்தொகை நிறுத்தப்பட்டவங்க போட்டது. நிறுத்தறதுக்கு முன்னாடியே விசாரணை வைக்கணும்னு தீர்ப்பு. ஜஸ்டிஸ் பிரென்னன் எழுதினது. பிரென்னன் அதுல இன்னொண்ணும் சொல்றார், விசாரணைங்கிறது அங்க வந்து நிக்கிறவங்களோட திறனுக்கும் சூழ்நிலைக்கும் ஏத்த மாதிரி இருக்கணும்னு. லா காலேஜ்ல இதைப் படிச்சு பரீட்சைல எழுதி மார்க் கூட வாங்கினேன். அந்த அம்மா லெட்டரைப் படிச்ச அன்னைக்குத்தான் அதுக்கு அர்த்தம் தெரிஞ்சது. சட்டத்துக்கு எந்த விஷயம் முக்கியம்னு தெரிஞ்ச ஆளு அந்த ரூம்ல நான் ஒருத்திதான். அவங்களுக்குத் தெரியாது. அடிவாங்கினதுக்கும் அன்எம்ப்ளாய்மெண்ட்டுக்கும் என்ன சம்பந்தம்னு அவங்க எப்படி யோசிப்பாங்க, அதுவும் முன்னப்பின்ன தெரியாத ஆளுங்க முன்னாடி, மெஷின் ஓடிட்டிருக்கும்போது.

இதுல என் கூட வேலை பார்த்த சிலபேரோட எனக்குப் பெரிய வாக்குவாதமே நடந்திருக்கு. ஜட்ஜ் தோண்டித்தோண்டிக் கேட்டா அது ஒரு பக்கத்துக்கு வக்கீலா மாறுறதுதானேன்னு கேட்பாங்க. நான் ஒத்துக்கவே மாட்டேன். பதிலை வாயில ஊட்டுறது வேற, கேள்வியைக் கேட்கறது வேற. அதோட நான் ரெண்டு பக்கமும்தான் கேட்டேன். போன்ல நடந்த ஒரு ஹியரிங்ல ஒரு சின்ன ரெஸ்டாரண்ட் ஓனர், சமையல்காரர் கல்லாவுல கை வச்சார்னு அனுப்பியிருந்தார். எழுதிக் கொடுத்த பேப்பரே போதும்னு நினைச்சுட்டு வேற சாட்சியே சொல்லல. இங்க செவிவழிச் செய்தியை எடுத்துக்கலாம், ஆனா எதிர்ப்பக்கம் சத்தியம் பண்ணி "நான் எடுக்கல"ன்னு சொல்லும்போது வெறும் பேப்பரை வச்சு ஜெயிக்கறது ரொம்பக் கஷ்டம். நான் கேட்டேன், கண்ணால பார்த்தது யாரு? "என் தங்கச்சி பையன் ஜட்ஜ், இங்கதான் பின்னாடி பாத்திரம் கழுவிட்டிருக்கான்." கூப்பிடுங்கன்னேன். பையன் ஈரக்கையோட வந்து போனை வாங்கி, பார்த்ததைப் பார்த்தபடி சொன்னான், சமையல்காரர் அவனை நாலு கேள்வி கேட்டார், பையன் மாறல. ஓனர் ஜெயிச்சார். நான் அந்தக் கேள்வியைக் கேட்காம விட்டிருந்தா தப்பான ஆளுக்குப் பணம் போயிருக்கும், அதுவும் அநியாயம்தானே?

சரி, நேரம் எங்க இருக்குன்னு கேட்பீங்க. மத்திய அரசு விதிப்படி முதல் கட்ட அப்பீல்ல 60 சதவீதம் 30 நாளுக்குள்ளயும், 80 சதவீதம் 45 நாளுக்குள்ளயும் தீர்ப்பாகணும். ஒரு நாளைக்கு அத்தனை கேஸ் வரிசையா நிக்கறது அதனாலதான். இந்த விதியை நான் குறை சொல்லவே மாட்டேன். 1971-ல ஜாவா கேஸ்னு, எங்க கலிஃபோர்னியாலேர்ந்தே போனது, முதலாளி அப்பீல் பண்ணாலே தொழிலாளிக்கு வர்ற பணம் நின்னுடும்னு அப்போ இங்க சட்டம் இருந்துச்சு, அது செல்லாதுன்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. வேலை போன முதல் சில வாரத்துல கையில வந்தாத்தான் அந்தப் பணத்துக்கு மதிப்புங்கிறது அந்தத் தீர்ப்போட உயிர். ஆறு மாசம் கழிச்சு வர்ற நீதி வீட்டைக் காலி பண்ணினவங்களுக்கு என்ன பிரயோஜனம். அதனால வேகம் வேணும்தான். ஆனா அந்த வேகத்துக்காக எதை வெட்டறோம்ங்கிறதுதான் என் கேள்வி. தீர்ப்புல அரைப்பக்கம் அரைப்பக்கமா ஒட்டுற அந்த ரெடிமேட் சட்டப் பாராக்களை வெட்டுங்க, படிக்கிறவங்களுக்கு ஒரு எழுத்தும் புரியறதில்ல. நான் கடைசி பத்து வருஷம் என் தீர்ப்புகளை எட்டாம் கிளாஸ் பிள்ளை அம்மாவுக்குப் படிச்சு விளக்கற மாதிரி எழுதினேன், ஏன்னா பல வீடுகள்ல நிஜமாவே அப்படித்தான் படிக்கிறாங்க. அதுல மிச்சமான நேரத்தைக் கேள்விக்குக் கொடுத்தேன்.

2020-க்கு அப்புறம் எங்க ஹியரிங் எல்லாமே கிட்டத்தட்ட போன்லதான். இதுல நல்லது நிறைய. மெண்டோட்டால இருக்கிற ஒரு விவசாயக் கூலி ஒரு நாள் சம்பளத்தை விட்டுட்டு ஃப்ரெஸ்னோ வரைக்கும் வர வேண்டியதில்ல. லாரியை ஓரம் கட்டிட்டு கேபின்லேர்ந்து பேசினவங்க இருக்காங்க, பின்னாடி குழந்தை அழ அழ இடுப்புல வச்சுக்கிட்டே சாட்சி சொன்னவங்க இருக்காங்க. வராம போறவங்களை விட இது ஆயிரம் மடங்கு தேவலை. ஆனா எனக்கு ஒரு விஷயம் உறுத்திக்கிட்டே இருந்துச்சு. ரூம்ல இருந்தா யார் பக்கத்துல யார் உட்கார்ந்திருக்காங்கன்னு தெரியும், போன்ல தெரியாது.

அதனால சத்தியம் வாங்கறதுக்கு முன்னாடி எல்லார்கிட்டயும், முதலாளி தொழிலாளி பாகுபாடு இல்லாம, ஒரே குரல்ல, ஒரே வார்த்தைல கேட்க ஆரம்பிச்சேன். "உங்க பக்கத்துல யாராவது இருக்காங்களா? தனியா பேச முடியற இடத்துல இருக்கீங்களா?" நிறைய பேர் "ஆமா ஜட்ஜ், தனியாத்தான் இருக்கேன்"னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. ஒரு தடவை ஒரு பொண்ணு, வயசு இருபத்தஞ்சுக்குள்ளதான் இருக்கும், வேலையை விட்டதுக்குக் காரணம்னு ஃபார்ம்ல "பர்சனல்"னு ஒரே வார்த்தை. நான் கேட்டதும் பதிலே இல்ல. அப்புறம் ரொம்ப மெதுவா, "இருக்காங்க"ன்னு மட்டும். இன்டர்பிரட்டர் கூட குரலைத் தாழ்த்திட்டார். நான் மேல ஒண்ணும் கேட்கல. இன்னைக்கு இந்தக் கேஸை ஒத்திவைக்கறேன், புதுத் தேதிக்கு எந்த நம்பர்ல கூப்பிடணும்னு நீங்களே ஆபீசுக்குப் போன் பண்ணிச் சொல்லுங்கன்னு சாதாரணமா சொல்லி வச்சுட்டேன். காரணம் எதுவும் ரெக்கார்டுல சொல்லல.

மூணு வாரம் கழிச்சு வேற ஒரு நம்பர்ல வந்தாங்க, ஒரு சர்ச் ஆபீஸ் ரூம்லேர்ந்து. மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டேன். "யாரும் இல்ல ஜட்ஜ், கதவைச் சாத்தியிருக்கேன்"னாங்க. அன்னைக்கு ஹியரிங் ஒரு மணி இருபது நிமிஷம் போச்சு, எனக்கு அடுத்த ரெண்டு கேஸும் லேட்டாச்சு.

கடைசியா, லெட்டர் வந்து கையில வச்சிருக்கிறவங்களுக்கு ரெண்டு விஷயம். 30 நாள்ங்கிறது லெட்டர் மேல இருக்கிற தேதியிலேர்ந்து, நீங்க பிரிச்சுப் படிச்ச நாள்லேர்ந்து இல்ல, தாண்டிப்போச்சுன்னா கூட ஏன் தாமதம்னு காரணத்தோட எழுதிப் போடுங்க, நியாயமா இருந்தா ஏத்துக்க வழி இருக்கு. அப்பீல் நடக்கும்போது ரெண்டு வாரத்துக்கு ஒருதடவை போடற அந்த சர்டிஃபிகேஷனை, அதாவது இந்த வாரங்களுக்கும் எனக்குத் தகுதி இருக்குன்னு உறுதி சொல்ற ஃபார்மை, நிறுத்தவே நிறுத்தாதீங்க. ஜெயிச்சும் அந்த வாரங்களுக்குப் பணம் கிடைக்காம நின்னவங்களை நான் நிறைய பார்த்திருக்கேன்.