மனோகரன் பெயர் லிஸ்டில் இருந்தது

“சார், வரிசை எல்லாம் கரெக்டாத்தான் வருது.” சம்பள லிஸ்டில் பெயர் வரிசை தப்பு என்று சொன்னால், புதுச் சர்வர் போட்டுக் கொடுத்தவர்கள் சொல்கிற பதில் இது. இதை இன்னொரு தடவை போனில் கேட்டால் என் வாயிலிருந்து என்ன வரும் என்று எனக்கே தெரியாது. எதுங்க கரெக்டு? மணிக்கு அடுத்து மனோகரன், அதற்கப்புறம் மயில்சாமி. எந்த ஊர் அரிச்சுவடி இது?

திருப்பூரில் சனிக்கிழமைச் சம்பளம் என்றால் என்னவென்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மளிகைக் கடைப் பாக்கி அதை நம்பித்தான் இருக்கிறது, ஊருக்குப் போகிற பஸ் டிக்கெட்டும் அதிலிருந்துதான். நான் கணக்கு மென்பொருள் பார்த்துக்கொள்ளும் பனியன் கம்பெனியில் 212 பேர். பெயர் வரிசையில் லிஸ்ட் அச்சாகும், தாளுக்கு 40 பெயர். கேஷியர் அக்கா பெயரைக் கேட்பார், லிஸ்டில் தொகையைப் பார்ப்பார், எண்ணிக் கொடுத்துவிட்டு டிக் போடுவார். பல வருஷமாகச் செய்கிற வேலை. எந்தப் பெயர் எந்த இடத்தில் இருக்கும் என்று அவர் விரலுக்கே தெரியும்.

மனோகரன் அயர்ன் மாஸ்டர். அவர் பெயரைச் சொன்னதும் அக்கா மூன்றாம் தாளைத் திருப்பிப் போட்டுவிட்டு நாலாம் தாளை எடுத்தார். மயில்சாமி, மரகதம், மல்லிகா, மாரிமுத்து. மல்லிகாவுக்கும் மாரிமுத்துவுக்கும் நடுவில் விரலை வைத்தார். அங்கேதான் மனோகரன் இருக்க வேண்டும். இல்லை. “உங்க பேரு இல்லீங்களே.” “நல்லாப் பாருங்கக்கா, ஆறு நாளும் வந்திருக்கேனுங்க, ரெண்டு நாள் ஒன்றரை ஷிப்டு.” மறுபடி அதே இடம். மூணு சுழி ‘ண’ போட்டு ஏற்றிவிட்டார்களோ என்று மணிக்குப் பக்கத்தில் பார்க்கலாம் என்றால் அதற்குள் பின்னால் நிற்பவர்கள் சத்தம் போட ஆரம்பித்துவிட்டார்கள். “திங்கக்கிழமை ஆபீஸ்ல கேளுங்க” என்று அனுப்பிவிட்டார். அந்த மனுஷன் வெறும் கையோடு போனார். லிஸ்டில் டிக் விழாத பெயரெல்லாம் அன்றைக்கு ஆள் வராதவர்கள் கணக்கு, அதைத் திங்கட்கிழமைதான் பார்ப்பார்கள்.

மனோகரன் பெயர் மூன்றாம் தாளின் கடைசி வரியில் இருந்தது. மணிக்குக் கீழே. 120-வது பெயர்.

எனக்குப் போன் வந்தது ராத்திரி எட்டு மணிக்கு. புதுச் சர்வருக்கு மாற்றிய முதல் வாரம் அது. மாற்றிக் கொடுத்தவர்கள் முதலில் “டேட்டா ஏறியிருக்காது” என்றார்கள். எண்ணிப் பார்த்தால் 212-ம் இருக்கிறது. பெயருக்குப் பின்னால் காலி இடம் ஒட்டியிருக்குமோ? இல்லை. ‘னோ’-வில் இருக்கிற ஓகாரக் குறியை ஒற்றைக் குறியாகவும் சேமிக்கலாம், இரண்டு துண்டாகவும் சேமிக்கலாம். அந்தக் கோளாறோ என்று எழுத்து எழுத்தாகப் பிரித்துப் பார்த்தேன். அதுவும் இல்லை. லிஸ்டை எடுக்கிற கட்டளைதான் குவெரி, என் லேப்டாப்பில் அதே குவெரியை ஓட்டினால் மனோகரன் மல்லிகாவுக்குக் கீழே சரியாக வந்து நிற்கிறார். சர்வரில் ஓட்டினால் மணிக்குக் கீழே போகிறார். அதே டேபிள், வரிசைப்படுத்தச் சொல்கிற அதே ‘ஆர்டர் பை’. ஒரு மணி வரைக்கும் என் கோடில்தான் தப்பு என்று நினைத்து அதையே பிராண்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் டேட்டாபேஸ் பட்டியலைப் போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது. எந்த எழுத்துக்கு அடுத்து எந்த எழுத்து என்கிற விதிக்குக் கொலேஷன் என்று பெயர். என்னுடையதில் கொலேஷன் தமிழ். சர்வரில் ‘சி’.

கொலேஷன் ‘சி’ என்றால் எழுத்துக்கு மொழியே கிடையாது, எண் மட்டும்தான். கம்ப்யூட்டருக்காக ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண் கொடுக்கிற யூனிகோடில் ண 2979, ந 2984, ன 2985, ய 2991. எண்ணைப் பார்த்தால் மனோகரன் மயில்சாமிக்கு முன்னால்தான் வருவார். யூனிகோடின் தமிழ்க் கட்டம் 1988-இன் இஸ்கி என்கிற இந்திய எழுத்துக் குறியீட்டு அட்டவணையைப் பார்த்துப் போட்டது. அதில் பிராமி வழி வந்த இந்திய எழுத்துகளுக்கெல்லாம் ஒரே சட்டகம், அதனால் ந-வுக்குப் பக்கத்தில் ன, ர-வுக்குப் பக்கத்தில் ற. சரி, எழுத்து உட்கார்ந்திருக்கிற இடம் அது. அதுவே வரிசை ஆகிவிடாது என்று யூனிகோடே சொல்கிறது, வரிசைக்கென்று தனி விதி வைத்திருக்கிறது. எழுத்து முப்பது, அகரத்தில் தொடங்கி னகரத்தில் முடியும் என்று தொல்காப்பியத்தின் முதல் நூற்பாவே சொல்கிறது. ஒண்ணாம் வகுப்புப் பிள்ளை சொல்லும், ரெண்டு சுழி ‘ன’ கடைசி மெய் என்று. இந்த டேட்டாபேஸ் மென்பொருளான போஸ்ட்கிரெஸ்ஸில் 2017-இல் வந்த 10-ஆம் பதிப்பிலிருந்தே தமிழ் கொலேஷன் இருக்கிறது. காசு கேட்பதில்லை. சர்வரை அமைக்கிறபோது ஒரு வார்த்தை சேர்த்து எழுத வேண்டும், அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையைத்தான் அவர்கள் எழுதவில்லை.

இதைச் சொன்னால், “பேரு லிஸ்ட்ல இருக்குல்ல சார், அப்புறம் என்ன?” என்கிறார்கள். எனக்கு ரத்தம் கொதிப்பது இங்கேதான். வரிசை என்பது அழகுக்குச் செய்கிற வேலை என்று நினைக்கிறார்கள். இருக்க வேண்டிய இடத்தில் இல்லாவிட்டால் இல்லை என்றுதான் அர்த்தம். டேட்டாபேஸே அப்படித்தான் தேடுகிறது. இண்டெக்ஸ் என்கிற தேடல் அட்டவணையை முழுக்க அது படிப்பதில்லை, வரிசைப்படி எங்கே இருக்க வேண்டுமோ அங்கே போய்ப் பார்க்கும், காணோமென்றால் இல்லை என்று சொல்லிவிடும். 2018-இல் லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியின் 2.28 பதிப்பு வந்து லினக்ஸில் வரிசை விதி மாறியபோது, பழைய விதியில் கட்டிய இண்டெக்ஸ்கள் பல அப்படியே தடம் மாறின. டேபிளில் இருக்கிற வரியையே தேடினால் கிடைக்காது. ரீஇண்டெக்ஸ் செய்தால்தான், அதாவது இண்டெக்ஸைப் புதிதாகக் கட்டினால்தான் தீரும். அந்த அக்காவும் அப்படித்தான், இருக்க வேண்டிய இடத்தில் பார்த்தார், காணோமென்றதும் இல்லை என்றார். அவர் மேல் ஒரு தப்பும் கிடையாது. முழு லிஸ்டையும் படித்திருக்கலாமே என்று போனில் ஒருத்தர் சொன்னார், 212 பேர் வரிசையில் நிற்கும்போது வந்து படித்துக் காட்டட்டும்.

அவர்கள் மாற்றுவார்கள் என்று காத்திருக்கவில்லை. ஆர்டர் பை இருக்கிற ஒவ்வொரு இடத்திலும் தமிழ் கொலேஷனை நானே சேர்த்தேன், பெயருக்கு அதே விதியில் புது இண்டெக்ஸும் போட்டேன். அடுத்த சனிக்கிழமை கவுன்டருக்குப் பக்கத்திலேயே நின்றேன். மல்லிகா, மனோகரன், மாரிமுத்து. அக்கா தலையைக்கூடத் தூக்கவில்லை, விரல் நேராக அங்கே போனது, எண்ணிக் கொடுத்தார், டிக் போட்டார்.

அந்த லிஸ்டையே மேலே இருந்து பார்த்துக்கொண்டு வந்தால் ‘எ’ வரிசை ஒரு முழத்துக்கு நீண்டு கிடக்கிறது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இனிஷியலையும் பெயரையும் ஒரே கட்டத்தில் அடித்திருக்கிறார்கள். எம். துரைசாமி, எஸ். வள்ளி, என். கவிதா, எல்லோரும் ‘எ’-வில். வள்ளியைக் கூப்பிட்டால் அக்கா ‘வ’-வில் தேடுவாரா, ‘எ’-வில் தேடுவாரா? இனிஷியலுக்கு நான் தனிக் கட்டம் வைத்திருக்கிறேன், அது காலியாகக் கிடக்கிறது. யாரைக் கேட்டு இப்படி ஏற்றினீர்கள்?